கூடம் நிஜமாவே கோணலா? ஷாட்கன்னை டீபக் செய்த நூறு வருஷம்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்ற பழமொழி உங்களுக்குத் தெரியும். புது மெஷின் வாங்கி அது சொன்ன பேச்சைக் கேட்காதபோது நமக்கு முதல்ல கிடைக்கிற திட்டு இதுதான். ஆனா சில சமயம் கூடம் நிஜமாவே கோணலா இருந்தா? தப்பு ஆளிடமா, கருவியிடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னைக்கு எபிசோடில் இந்தக் கேள்வியை வேட்டைக்காரர்களின் ஷாட்கன்னை வைத்துப் பார்க்கப் போறோம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்பது குற்றம். நம்ம ஊரில் ஷாட்கன் இன்றைக்கு உயிரோட இருப்பது விளையாட்டு மைதானத்தில்தான். புதுக்கோட்டைக்காரரான பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் சுட்டது ஷாட்கன்னால்தான். பறக்கிற களிமண் தட்டைச் சுடுகிற விளையாட்டு அது. நம்ம கதை நடப்பது பிரிட்டனில், 1800களில்.

அடிப்படை என்னன்னா, ரைபிள் ஒரே குண்டை அனுப்பும். ஷாட்கன் நூற்றுக்கணக்கான சின்ன ஈய ரவைகளைக் கூட்டமாக அனுப்பும். இலக்கு பறக்கிற பறவை. சுடுபவரும் நகர்கிறார், இலக்கும் நகர்கிறது. அதனால் "ஏன் தவறியது?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒன்றன் மேல் ஒன்றாக நாலு பக் ஒளிந்திருந்தது.

முதல் பக்: லேட்டன்சி

1800 வாக்கில் எல்லாத் துப்பாக்கியும் சக்கிமுக்கிக் கல்லில்தான் ஓடியது. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசும், பொறி பறக்கும், வெளியே சின்னக் கிண்ணத்தில் இருக்கிற மருந்து பற்றும், அந்த நெருப்பு ஒரு துளை வழியாக உள்ளே போய் முக்கிய மருந்தைப் பற்ற வைக்கும். நாலு படி. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நேரம்.

அந்த "கொஞ்சம்" எவ்வளவு பெருசுன்னு கணக்கு போடுவோம். வாத்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்குதுன்னு வச்சுக்கோங்க. ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமானாலே அது 80 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். போதாததற்கு, கிண்ணத்தில் எழும் பளிச்சையும் புகையையும் பார்த்தே பறவை திசை மாறிவிடும். ரெக்வஸ்ட் போவதற்குள் டேட்டா மாறிப்போச்சு!

இதைத் தீர்க்க இறங்கியவர் துப்பாக்கி செய்பவர் இல்லை. ஸ்காட்லாந்தில் அபர்டீன் அருகே பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார், அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத். வாத்து வேட்டையில் ஆசை, வேதியியலில் அதைவிட ஆசை. அடித்தாலே வெடிக்கும் ரசாயனங்கள் அப்போதே தெரிந்தவைதான். பொறியே வேண்டாம், சின்ன சுத்தியால் அந்த ரசாயனத்தைத் தட்டி நெருப்பை நேரா உள்ளே அனுப்பலாம் என்று யோசித்தார். தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கியில் பொட்டுவெடி வைத்துச் சுட்டிருப்பீங்க இல்லையா, அதே தத்துவம்தான்.

1806இல் அவரை லண்டன் கோபுரத்துக்கு வரவழைத்து ஆய்வு செய்யச் சொன்னது ராணுவத் தளவாடத் துறை. அடுத்த வருஷமே துறையின் தலைமை மாறியது. புதிதாக வந்தவர் வேலையை நிறுத்திவிட்டு இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மேனேஜர் மாறினதும் ப்ராஜெக்ட் மூடப்படுவது நேற்று வந்த பழக்கம் இல்லை மக்களே. ஃபோர்சைத் 1807இல் சொந்தமாகப் பேடன்ட் எடுத்து, லண்டனில் கடை போட்டு, வேட்டைக்காரர்களுக்கு விற்றார்.

ராணுவம் முறையாகச் சோதித்துப் பார்த்தது 1834இல், வூலிச் நகரில். இரண்டு வகையிலும் 6,000 முறை சுட்டார்கள். சக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை வெடிக்கவே இல்லை. புது முறையில் வெடிக்காதது 36 முறை மட்டும். அதற்குள் ஃபோர்சைத்தின் பேடன்ட் காலமே முடிந்திருந்தது. 1842இல் அரசு அவருக்கு 200 பவுண்ட் கொடுத்தது. 1843இல் அவர் இறந்தார். அதைவிடப் பெரிய தொகை அவர் இறந்த பிறகு உறவினர்களுக்குத்தான் போனது.

இரண்டாவது பக்: கீழே அடிப்பது

அதே காலத்தில் லண்டனில் ஜோசப் மாண்டன் என்ற துப்பாக்கி மேதை இருந்தார். பின்னாளில் பெரிய பெயர் எடுத்த ஜேம்ஸ் பர்டி அவருடைய பட்டறையில் வேலை பார்த்தவர். மாண்டன் பார்த்த பிரச்சினை வேறு. இரட்டைக்குழல் துப்பாக்கிகள் குறிக்குக் கீழே அடித்தன. புதரிலிருந்து கிளம்பும் பறவையோ மேல்நோக்கி எழும்.

ஒவ்வொருவரிடமும் "கொஞ்சம் மேலே குறி வையுங்க"ன்னு சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலா, 1806இல் இரண்டு குழல்களுக்கு நடுவே ஒரு பட்டை வைத்தார். கண் பக்கம் உயரம், வாய்ப் பக்கம் தாழ்வு. அந்தப் பட்டையோடு பார்த்தால் குழலின் வாய் தானாகவே கொஞ்சம் தூக்கும். பயனரைத் திருத்தாமல் டிசைனைத் திருத்தினார். இங்கே கூடம் நிஜமாவே கோணல்தான்.

மூன்றாவது பக்: சிதறல்

சரி, உடனே வெடிக்குது, சரியான உயரத்துக்குப் போகுது. ஆனாலும் 40 கஜம், அதாவது சுமார் 36 மீட்டர் தள்ளி இருக்கிற பறவை சில நேரம் தப்பிவிடும். ஏன்னா ரவைக் கூட்டம் அதற்குள் பரந்து, நடுவில் ஓட்டை விழுந்துவிடும்.

இதை அளக்க ஒரு டெஸ்ட் நிலைத்தது. 40 கஜத்தில் சுட்டு, 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவை விழுந்தது என்று எண்ணுவது. ஒரே விட்டத்தில் போகிற சாதாரணக் குழலில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் உள்ளே விழும். குழலின் வாயை மட்டும் லேசாகக் குறுக்கினால்? 12 போர் குழலின் விட்டம் 18.5 மில்லிமீட்டர். அதில் வெறும் 1 மில்லிமீட்டர் குறுக்கினால் 70 சதவீதம் உள்ளே வந்துவிடும். இதுதான் 'சோக்'.

நியூகாசிலைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். பேப் 1866இலேயே இதற்குப் பேடன்ட் வாங்கியிருந்தார். ஊரை நம்ப வைத்தது பர்மிங்காமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர். 1874இல் வட்டத்துக்குள் இத்தனை ரவை நிச்சயம் என்று உத்தரவாதத்தோடு விளம்பரம் கொடுத்தார். பலர் நம்பவில்லை. 1875இல் 'தி ஃபீல்ட்' இதழ் லண்டனில் பொதுச் சோதனை நடத்தியது. சோக் வைத்த துப்பாக்கிகள் பழைய குழல்களைத் தோற்கடித்தன.

இதிலும் ஒரு சிக்கல். நெருக்கமான கூட்டம் என்றால் குறி தவற இடமும் குறைவு. பக்கத்தில் எழும் பறவையைக் குறுகிய சோக்கால் சுட்டால் ஒன்று மொத்தமாகத் தவறும், இல்லை பறவை சிதைந்துபோகும். அதனாலதான் இரட்டைக்குழலில் ஒன்றைத் திறந்தும் ஒன்றைக் குறுக்கியும் செய்யும் வழக்கம் பரவியது.

கடைசி பக்: நம்ம முகம்

ரைபிளில் பின்பக்கம் ஒரு குறிக்கருவி இருக்கும். ஷாட்கன்னில் பொதுவாக முன்னால் ஒரு மணி மட்டும்தான். பின் குறி எது? சுடுபவரின் கண்ணேதான். கட்டையில் கன்னம் எங்கே உட்காருதோ, அங்கே குறி. கண்ணிலிருந்து குழல் வாய்வரை 90 சென்டிமீட்டர் என்று வைத்தால், கண் 3 மில்லிமீட்டர் மேலே போனாலே 36 மீட்டரில் 12 சென்டிமீட்டர் மேலே அடிக்கும். அதனால் 1800களின் கடைசியில், நீளமும் வளைவும் மாற்றக்கூடிய கட்டையோடு 'ட்ரை கன்' வந்தது. தையல்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போல உடம்புக்கு அளவெடுத்துத் துப்பாக்கி செய்தார்கள். வலது தோளில் வைத்து இடது கண்ணால் பார்ப்பவர்களுக்காக வளைந்த கட்டைகூடச் செய்தார்கள்.

இன்றைக்கும் டிராப் மைதானத்தில் புது ஷாட்கன் தவறினால் பார்க்கிற வரிசை இந்த வரலாற்றிலிருந்து வந்ததுதான். முதலில் துப்பாக்கியைத் தாங்கியில் நிறுத்தி, பெரிய காகிதத்தில் ஒரே வகைத் தோட்டாவால் பல முறை சுடு. கூட்டத்தின் நடுப்புள்ளி ஒதுங்கினால் தப்பு குழலில். நடுவில் விழுந்து, ஆனால் பரந்துபோனால் சோக்கையோ தோட்டாவையோ மாற்று. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும். இரண்டும் சரி, தோளில் வைத்துச் சுட்டால் மட்டும் ஒதுங்குது என்றால் கட்டையின் அளவைப் பார். அதுவும் சரியென்றால்தான் சுடுபவரைப் பார்க்கணும்.

கவனிச்சீங்களா? ஆளைக் குற்றம் சொல்வது இந்த வரிசையில் கடைசி. ஃபோர்சைத்துக்கு முன்னால் தலைமுறை தலைமுறையா வேட்டைக்காரர்கள் தங்கள் கை சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். அவர்களுடைய தவறுகளில் ஒரு பங்கு கல்லும் கிண்ணமும் செய்தது. டீமில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தர் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சறுக்கினால், அவரைத் திட்டுவதற்கு முன்னாடி காகிதத்தில் ஒரு தடவை சுட்டுப் பாருங்க. கூடத்தை அளந்து பார்க்க அஞ்சு நிமிஷம் போதும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.