ஒன்றரைக் குதிரைத்திறனும் ஒரு போர்க்கப்பலும்

கடலுக்கடியில் முக்குளிப்பவரை இழுத்துக்கொண்டு போகும் சிறு ஸ்கூட்டர்கள் இப்போது கடைகளில் விற்கின்றன. கையில் பிடிக்கும் பொம்மை அளவில் இருந்து ஆள் உயரக் குழாய் வரை பல வகை. விளம்பரங்களில் எது அதிக வேகம், எது அதிக இழுவிசை என்ற போட்டிதான் பெரிதாக இருக்கிறது. இந்த வண்டிகளின் நூறாண்டுக் கதையைப் படித்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பேட்டரி மாறியது, மோட்டார் மாறியது, வேகம் மட்டும் பெரிதாக மாறவே இல்லை.

முதல் வண்டி 1918-ல் இத்தாலியில் பிறந்தது. ராஃபேலே ரொசெட்டி என்ற கடற்படைப் பொறியாளர், வெடிக்காமல் கிடைத்த ஒரு ஜெர்மன் டார்பிடோவை எடுத்து மாற்றி அமைத்தார். அழுத்தக் காற்றில் ஓடும் அதற்கு 'மின்யாட்டா' என்று பெயர், அதாவது அட்டை. வேகம் சுமார் 2 நாட், நம் கணக்கில் மணிக்கு 3.7 கிலோமீட்டர். நிதானமாக நடக்கும் ஆளின் வேகம்.

1918 அக்டோபர் 31 இரவு ரொசெட்டியும் ரஃபேலே பவோலுச்சி என்ற கடற்படை மருத்துவரும் இதோடு போலா துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். மூச்சுக்கருவி கிடையாது. தலையை நீருக்கு மேலே வைத்தபடி, தடுப்புகளைத் தாண்டி, இரவு முழுக்கக் குளிரில் போராடி, 'விரிபுஸ் உனிடிஸ்' என்ற ஆஸ்திரியப் போர்க்கப்பலின் அடியில் குண்டைப் பொருத்தினார்கள். பிறகு பிடிபட்டார்கள். அன்றுதான் அந்தக் கப்பல் புதிய தென்ஸ்லாவிய அரசின் கைக்கு மாறியிருந்தது என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. உடனே தளபதியை எச்சரித்தார்கள். ஆட்கள் கப்பலை விட்டு இறங்கினார்கள். சொன்ன நேரத்தில் வெடிக்காததால் பலர் திரும்பி ஏறினார்கள். அப்புறம் வெடித்தது. தளபதி யாங்கோ வுகோவிச்சும் இறந்தவர்களில் ஒருவர்.

அடுத்த வண்டி 1935-ல் வந்தது. தெசேயோ தெசெய், எலியோஸ் தோஸ்கி என்ற இரண்டு இளம் இத்தாலியக் கடற்படைப் பொறியாளர்கள் செய்தது. ஏறத்தாழ 7 மீட்டர் நீள டார்பிடோவின் முதுகில் இருவர் குதிரை மேல் உட்காருவது போல் உட்கார வேண்டும். முன்னால் 220 கிலோ முதல் 300 கிலோ வரையிலான வெடிகுண்டு. உள்ளே ஈய-அமில பேட்டரி. மோட்டார் முதலில் 1.1 குதிரைத்திறன், பிறகு 1.6. நம் வீட்டுக் கிணற்று மோட்டாரின் அளவுதான். அதிகபட்சம் சுமார் 3 நாட். 2.3 நாட் வேகத்தில் போனால் 15 கடல் மைல் ஓடும். ஓட்டிப் பார்த்து அலுத்துப்போன தெசெய் அதைத் திட்டிய வார்த்தையே பெயராகிவிட்டது: 'மயாலே', அதாவது பன்றி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இடுப்பளவு ஆற்றுநீரில் வேகமாக நடக்க முயன்றவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த வேகத்தில் தள்ளத் தேவையான திறன் எட்டு மடங்கு. மயாலேயின் பயண வேகத்தை 4.6 நாட்டாக உயர்த்த எட்டு மடங்கு திறன் வேண்டும். அதே பேட்டரியில் ஓடினால் போகும் தூரம் கால்வாசியாகச் சுருங்கிவிடும். 15 மைல் போய் வேலை முடிக்க வேண்டியவர்களுக்கு அந்த வேகம் எதற்கு?

இதை உலகம் பார்த்தது 1941 டிசம்பர் 18 இரவு, எகிப்தின் அலெக்சாண்டிரியாவில். 'ஷிரே' என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூன்று மயாலேக்களை இறக்கிவிட்டது. துறைமுக வாசலில் பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்களுக்காகத் தடுப்பு திறக்கப்பட்டபோது அவற்றோடு சேர்ந்து ஆறு பேரும் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

லூயிஜி துராண்ட் தெ லா பென்னேயின் இலக்கு 'வேலியன்ட்'. முப்பதாயிரம் டன்னுக்கு மேல் எடையும் சுமார் 80,000 குதிரைத்திறனும் உள்ள போர்க்கப்பல். அருகில் போனதும் அவருடைய வண்டி நின்றுவிட்டது. கூட வந்த எமிலியோ பியாங்கி மூச்சுத் திணறி மேலே போய்விட்டார். தெ லா பென்னே அந்த இரும்புப் பன்றியைச் சேற்றில் தன்னந்தனியாகக் கையால் இழுத்து, கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே கொண்டு சேர்த்தார். கடைசிக் கட்டத்தில் மோட்டாரின் திறன் பூஜ்யம். ஓடியது ஒரு மனிதனின் திறன்.

இருவரும் பிடிபட்டார்கள். குண்டு எங்கே என்று சொல்ல மறுத்ததால், அவர்களைக் கப்பலின் அடித்தளத்திலேயே அடைத்தார்கள். வெடிக்கச் சற்று நேரம் இருக்கும்போது தெ லா பென்னே கப்பல் தலைவர் சார்ல்ஸ் மோர்கனைப் பார்க்கக் கேட்டு, கப்பல் வெடிக்கப் போகிறது, ஆட்களைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் சொன்னார். இடத்தைச் சொல்லவில்லை. திரும்பவும் கீழே அனுப்பினார்கள். குண்டு வெடித்தது, அவர் பிழைத்தார். 'வேலியன்ட்', 'குயின் எலிசபெத்' இரண்டும் துறைமுகத் தரையில் உட்கார்ந்தன, மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. இந்த வண்டியை உருவாக்கிய தெசெய் இதைப் பார்க்கவில்லை. ஐந்து மாதங்களுக்கு முன், ஜூலை 26 அன்று, மால்டா தாக்குதலில் இறந்துவிட்டிருந்தார்.

1942 ஜனவரியில் சர்ச்சில், இதே போல நாம் என்ன செய்கிறோம் என்று தன் தளபதிகளைக் கேட்டார். அப்படித்தான் பிரிட்டனின் 'சாரியட்' வந்தது. முதல் வகை மயாலேயின் நகல். வேகமும் அதே 3 நாட் அளவுதான். இரண்டாம் வகைக்கு மட்டும் சுமார் 4.5 நாட். நம் பக்கத்துக் கடலிலும் அது ஓடியது. 1944 அக்டோபரில் 'ட்ரென்சன்ட்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் இரண்டு சாரியட்டுகளோடு திருகோணமலையிலிருந்து புறப்பட்டது. தாய்லாந்தின் புக்கெட் துறைமுகத்தில் அவை தாக்கிய இரண்டும் இத்தாலியக் கப்பல்கள். கண்டுபிடித்தவர்களின் ஆயுதம் அவர்களின் கப்பல்களையே தேடி வந்தது.

இன்றைக்கு வருவோம். ஈய பேட்டரியோடு ஒப்பிட்டால் லித்தியம் பேட்டரி ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆற்றலைத் தருகிறது. முழுவதையும் வேகத்துக்கே செலவழித்தாலும், அதே தூரத்துக்கு வேகம் சுமார் 2.2 மடங்குதான் கூடும். அதற்கு மேல் முகக்கண்ணாடி நழுவும், கை வலிக்கும். எனவே கூடுதல் ஆற்றலை விவரம் தெரிந்தவர்கள் தூரத்துக்கும் பாதுகாப்புக்கும் வைத்துக்கொள்கிறார்கள். 2007 டிசம்பரில் ஃபுளோரிடாவில் ஜாரட் ஜப்லோன்ஸ்கியும் கேசி மெக்கின்லேயும் சுமார் 90 மீட்டர் ஆழத்தில், வக்குல்லா நீர்க்குகைகள் வழியாக ஏறத்தாழ 11 கிலோமீட்டர் கடந்தார்கள். அங்கே மேலே வர வழியில்லை. வண்டி நின்றால் மாற்று வண்டி வேண்டும். அங்கே வேகமான வண்டியை விட நிற்காத வண்டிதான் உயிரைக் காக்கும்.

ஆகவே ஸ்கூட்டர் வாங்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சொல். 'எத்தனை கிலோ இழுவிசை' என்பது நின்ற இடத்தில் அளந்த எண். உங்கள் உடம்போடும் சிலிண்டரோடும் எவ்வளவு தூரம் போய், எவ்வளவு மிச்சத்தோடு திரும்புவீர்கள் என்று கேளுங்கள். பாதி பேட்டரி தீர்வதற்கு முன்பே திரும்பி வரத் தொடங்குங்கள்.

தெ லா பென்னேயின் கதைக்கு ஒரு கடைசிப் பக்கம் உண்டு. இத்தாலி அணி மாறிய பிறகு, 1945 மார்ச்சில் தாரந்தோவில் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கும் விழா நடந்தது. பதக்கத்தைச் சட்டையில் குத்திவிட்டவர் சார்ல்ஸ் மோர்கன், அதே 'வேலியன்ட்' கப்பலின் தலைவர்.