5,250 டாலருக்குள் படிப்பும் கடனும்

அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் ஊழியரின் படிப்புக்காக ஆண்டுக்கு 5,250 டாலர் வரை செலவழித்தால், அந்தத் தொகைக்கு ஊழியர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. வரிச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு தரும் சலுகை இது. 1978-இல் இயற்றப்பட்டபோது கல்லூரிக் கட்டணம், புத்தகம் போன்றவற்றுக்கே பொருந்தியது. கொரோனா நிவாரணச் சட்டம் 2020 மார்ச்சில் வந்தபோது, ஊழியரின் பழைய கல்விக் கடனை அடைக்க நிறுவனம் தரும் பணமும் இதற்குள் சேர்ந்தது. தற்காலிகமாக வந்த அந்த ஏற்பாட்டை 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் நிரந்தரமாக்கிவிட்டது. ஒரே பிரிவு, ஒரே வரம்பு. ஆனாலும் படிக்கப் போகிறவருக்குக் காட்டும் தாராளத்தை, படித்துமுடித்துக் கடனோடு நிற்பவருக்குச் சட்டம் காட்டவில்லை.

கட்டண உதவி யாருக்குப் பயன்படும்? பகலில் வேலை பார்த்து இரவில் வகுப்புக்குப் போகத் தெம்பும் நேரமும் உள்ளவருக்கு. படிப்பு வேலையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பல நிறுவனங்களில் முதலில் ஊழியரே கட்டணத்தைக் கட்டி, தேறிய பிறகு மதிப்பெண்ணைக் காட்டித்தான் பணத்தைத் திரும்பப் பெற முடியும். குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருப்பதுண்டு. கைக்குழந்தையோடு இரண்டு வேலை பார்க்கும் பெண்ணுக்கு இது ஏட்டளவில்தான் உதவி.

கடன் உதவிக்கு வகுப்பும் வேண்டாம், தேர்வும் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கடனானாலும் சரி. அசலுக்கும் கட்டலாம், வட்டிக்கும் கட்டலாம். ஒரு செவிலியரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வருமானத்தின் மேல்தட்டுக்கு 22 சதவீத வரி. அதோடு சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் 7.65 சதவீதம் பிடித்தம். மாநில வரியை விட்டுவிட்டாலும், சம்பளத்திலிருந்து 5,250 டாலர் கடன் அடைக்க அவர் சுமார் 7,460 டாலர் சம்பாதிக்க வேண்டும். மருத்துவமனை இந்தச் சலுகையின் கீழ்க் கட்டினால் 5,250 டாலரும் அப்படியே கடனில் கழியும். மாதத்துக்கு 437 டாலர் 50 சென்ட். தன் பங்குக்குக் கட்ட வேண்டிய 7.65 சதவீதமும் மருத்துவமனைக்கு மிச்சம். 4 கோடிக்கும் மேற்பட்டோர் அரசுக் கல்விக் கடன் சுமக்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

வேறுபாடு வரம்பைத் தாண்டும்போதுதான் உறைக்கிறது. கட்டணம் 12,000 டாலர் என்றாலும், அந்தப் படிப்பு இப்போது பார்க்கும் வேலைத் திறனைக் கூட்டுவதாக இருந்தால், 132-ஆவது பிரிவின் வழியே மீதித் தொகைக்கும் வரிவிலக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. கடனுக்கு அப்படி இன்னொரு கதவு கிடையாது. 5,250-க்கு மேல் நிறுவனம் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் சம்பளமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். போதாததற்கு, இரண்டு உதவிக்கும் சேர்த்தே அந்த 5,250. முதுகலை படிக்கும் ஒருவர் கட்டணத்துக்கு 4,000 டாலர் வாங்கிவிட்டால், இளங்கலைக் கடனுக்கு அந்த ஆண்டு 1,250 டாலர்தான் மிஞ்சும். பயன்படுத்தாத தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

இன்னொரு விதி எனக்குக் கடுமையாகவே படுகிறது. கடன், ஊழியர் தன் படிப்புக்காகத் தானே வாங்கியதாக இருக்க வேண்டும். மகளின் படிப்புக்காகத் தாய் தன் பெயரில் வாங்கிய கடனைத் தாயின் நிறுவனம் அடைத்தால் இந்தச் சலுகை இல்லை. மகளின் நிறுவனம் அடைத்தாலும் இல்லை. பிள்ளைகளுக்காகக் கடன்பட்ட பெற்றோரைச் சட்டம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

5,250 என்ற எண் 1986-இல் வைத்தது. அன்றைய 5,250 டாலரின் மதிப்பு இன்று ஏறத்தாழ 15,000 டாலருக்குச் சமம். 2026-க்குப் பிறகு விலைவாசிக்கேற்ப வரம்பை உயர்த்தப் புதிய சட்டம் வழி செய்திருப்பது நல்ல காரியம். ஆனால் அந்த உயர்வு பழைய 5,250-லிருந்தே தொடங்குகிறது. நாற்பது ஆண்டுகளில் தேய்ந்துபோனது திரும்பி வராது. கட்டணத்துக்கு 132-ஆவது பிரிவாவது இருக்கிறது. ஆகவே கடன் உதவிக்குத் தனி வரம்பு வேண்டும், பெற்றோர் வாங்கிய கடனையும் அதில் சேர்க்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் அடுத்து இந்தப் பிரிவைத் தொடும்போது முதலில் செய்ய வேண்டிய திருத்தம் இதுதான்.