1918 இன்புளுயன்சாவும் பம்பாயின் சாவுக்கணக்கும்

1918ஆம் ஆண்டு இன்புளுயன்சாக் கொள்ளைநோயில் பம்பாய் நகரத்தில் இறந்தோரைச் சமூகவாரியாகப் பிரித்துக் காட்டும் சிறிய அட்டவணை ஒன்று, இந்திய மக்கள்தொகை வரலாற்றைப் பயில்வோர் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் சான்றாகும். ஆயிரம் பேருக்கு இத்தனை பேர் என்ற கணக்கில், ஐரோப்பியருள் 8.3 பேரும், பார்சிகளுள் 9 பேரும், முஸ்லிம்களுள் 19.2 பேரும் மாண்டிருக்க, அன்றைய அரசு ஏடுகள் ‘தாழ்ந்த சாதியினர்’ என்று குறித்த ஒடுக்கப்பட்ட மக்களுள் மாண்டவர் 61.6 பேர், ஏனைய இந்துக்களுள் அவ்வெண் 18.9 மட்டுமே. நகரமும் ஒன்று, கிருமியும் ஒன்று, அது தாக்கிய மாதங்களும் ஒன்றே என்றிருக்கையில், சாவு மட்டும் ஏழு மடங்குக்கு மேல் வேறுபட்டது எங்ஙனம் என்ற வினாவுக்கு மக்கள்தொகையின் அமைப்பிலும் வாழ்நிலையிலுமே விடை தேட வேண்டியுள்ளது.

நோய் பம்பாய்க்குக் கடல் வழியே வந்தது. 1918 ஜூன் 10ஆம் நாள் கப்பல்துறையில் காவல் புரிந்த ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதே நகரில் அதன் முதல் தடயமாகப் பதிவாகியுள்ளது. நகரச் சுகாதார அதிகாரியாக இருந்த ஜே. ஏ. டர்னர், துறைமுகத்துக்கு வந்த கப்பல்களே இதற்குக் காரணம் என்று கருதினார். கோடையில் எழுந்த முதல் அலை ஒப்பளவில் மென்மையாகக் கடந்துபோக, செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலை கொடிதாயிற்று. அக்டோபர் 6ஆம் நாள் ஒன்றில் மட்டும் பம்பாயில் 768 பேர் இறந்தனர்.

இத்தகைய எண்களை ஆராயுமுன் மூன்று அளவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு நோய் தொற்றியது என்பதைக் காட்டுவது நோய்த்தாக்க வீதம். நோயுற்றவர்களுள் எத்தனை பேர் இறந்தனர் என்பதைக் காட்டுவது நோயிறப்பு வீதம். இவ்விரண்டும் சேர்ந்து விளைவிப்பதே, மொத்த மக்களில் ஆயிரவருக்கு இத்தனை பேர் எனக் கூறப்படும் இறப்பு வீதம். கொள்ளைநோய் பற்றிய பொதுப்பேச்சில் மக்கள் நெருக்கமே எல்லாவற்றுக்கும் காரணமாகக் காட்டப்படுவது வழக்கம் என்றாலும், நெருக்கம் முதல் வீதத்தை உயர்த்துமேயன்றி இரண்டாவதை அதே அளவில் உயர்த்துவதில்லை. 1918 நவம்பர் 7ஆம் நாள் ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் கொண்டுவந்த நோயால், கடலோரச் சிற்றூர்களில் பரவலாக வாழ்ந்த மேற்குச் சமோவா மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் சில வாரங்களில் மாண்டனர். அங்கே ஊர் முழுவதும் ஒரே வேளையில் படுத்துவிட்டதால், தண்ணீர் கொடுக்கவும் உணவு சமைக்கவும் ஆளில்லாமற் போனதே பலருடைய சாவை விரைவுபடுத்தியது. அருகிலிருந்த அமெரிக்கச் சமோவாவிலோ, ஆளுநர் ஜான் பாயர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தியமையால் ஒருவரும் இறக்கவில்லை.

பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சலைத் தொடர்ந்து நுரையீரலைப் பற்றிய நிமோனியாவே. பென்சிலின் முதலிய மருந்துகள் புழக்கத்துக்கு வராத அக்காலத்தில் மருத்துவரால் செய்யக்கூடியது சிறிதாகவே இருந்தமையால், ஓய்வு, கஞ்சி, தண்ணீர், போர்வை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஆகியவையே பிழைப்பையும் சாவையும் பிரித்தன. இவை எவருக்குக் கிட்டின என்பது காசையும் சாதியையும் வீட்டையும் பொறுத்திருந்தது. ஆலைத் தொழிலாளரும் துப்புரவுப் பணியாளரும் சால் எனப்படும் ஓரறைக் குடியிருப்புகளில் ஒரே அறைக்குள் பலராக வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு ஒருநாள் வேலைக்குப் போகாவிடில் அன்றைய கூலி இல்லை. நோயுடன் வேலைக்குப் போனவர் நோயைப் பரப்பினார். போகாதவர் பட்டினி கிடந்தார்.

ஐரோப்பியரின் 8.3 என்ற எண்ணை மேலும் கூர்ந்து நோக்குதல் தகும். இந்தக் கொள்ளைநோய் ஏனைய இன்புளுயன்சாக்களைப்போல் குழந்தைகளையும் முதியோரையும் மட்டும் குறிவைக்காமல், 20 முதல் 40 வயது வரையிலானோரை மிகுதியாகக் கொன்றது. முதியோர் தம் இளமையில் கண்ட வேறு இன்புளுயன்சாக்களால் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருக்கலாம் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. பம்பாயின் ஐரோப்பியரோ பெரும்பாலும் அதே வயதினரான அலுவலரும் வணிகரும் படையினருமே. வயதமைப்பு ஒன்றே விதியாக இருந்திருப்பின், அவர்களிடையே சாவு மிகுந்திருக்க வேண்டும். மிகாமையால், வயதைச் சமன்செய்து ஒப்பிடின், அதாவது எல்லாச் சமூகங்களிலும் ஒரே விகிதத்தில் இளையோரும் முதியோரும் இருப்பதாகக் கொண்டு கணக்கிடின், இடைவெளி ஏழு மடங்கினும் விரியக்கூடும். மறுபக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: வகுக்கும் எண் முந்தைய குடிக்கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதாயின், அதன் பின்னர் பிழைப்புத் தேடி நகருக்கு வந்து இறந்தவர்கள் சாவுக்கணக்கில் மட்டும் ஏறி, வறியோரின் வீதத்தைச் சற்று மிகைப்படுத்தியிருப்பர். இவ்விரு திருத்தங்களையும் ஏற்றாலும் அட்டவணை சொல்லும் செய்தி மாறிவிடாது.

நாட்டின் பிற பகுதிகளில் இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பஞ்சம் துணைநின்றது. 1918இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. போர்க்காலத்தில் முன்னரே ஏறியிருந்த தானிய விலை மேலும் உயர்ந்தது. மருத்துவர்கள் பலர் படைப்பணிக்குச் சென்றிருந்தனர். பம்பாயைப்போல் நெருக்கமில்லாத மத்திய மாகாணங்களின் சிற்றூர்கள் இந்தியாவிலேயே மிகுதியான சாவு கண்ட பகுதிகளுள் அடங்கின என்பது, நெருக்கத்தையே பெருங்காரணமாகக் கொள்ளும் வாதத்துக்கு மற்றுமோர் இடையூறு. நோய் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர நகர அதன் கடுமை தணிந்து, நீடித்த காலம் மட்டும் கூடியதாக மாவட்டவாரி ஆய்வுகள் காட்டுகின்றன. சென்னை, வங்க மாகாணங்களின் இழப்பு பம்பாய் மாகாணத்தின் இழப்பைவிட வெகுவாகக் குறைந்திருந்தது.

பெண்களின் நிலை தனித்துக் கூறத் தக்கது. உலகின் பல நாடுகளில் ஆண்களே மிகுதியாக இறந்திருக்க, இந்தியாவில் பெண்களின் இறப்பு வீதம், குறிப்பாகக் குழந்தை பெறும் வயதினரிடையே, ஆண்களின் வீதத்தை விஞ்சியது. வீட்டில் அனைவரும் உண்ட பின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தால் முன்னரே மெலிந்திருந்த உடல், காற்றோட்டமற்ற அடுக்களை, கருவுற்றிருப்போருக்கு நிமோனியாவால் நேரும் கூடுதல் இடர், நோயாளிகளுக்கு இடைவிடாது பணிவிடை செய்யும் பொறுப்பு ஆகிய அனைத்தும் ஒன்றுகூடின. தானே நோயுற்ற நிலையிலும் பிறரைப் பேணியவள் படுக்கையில் விழுந்தபோது அவளைப் பேண எவரும் இல்லை. குழந்தை பெறும் வயதினரை இங்ஙனம் இழந்ததும், நோய்க்காலத்தில் கருத்தரிப்புக் குறைந்ததும் சேர்ந்து 1919இல் பிறப்புகளின் எண்ணிக்கையையும் தாழ்த்தின.

நகரங்களுக்கு வெளியே இச்சாவுகளை எண்ணிக் குறித்தவர்கள் சுகாதாரத் துறையினர் அல்லர். சிற்றூர்களில் பிறப்பு இறப்புகளைப் பதிந்தவர்கள் ஊர்த்தலைவர்களும் காவற்காரர்களுமே. அவர்களால் இன்புளுயன்சாவைப் பிற காய்ச்சல்களிலிருந்து பிரித்தறிய இயலாது. அவர்களுட் சிலர் நோய்க்கே பலியாயினர். ஆகவே வரலாற்றாசிரியர் சாவின் காரணமாக எழுதப்பட்டதை நம்பாமல், இயல்பான ஆண்டுகளில் எதிர்பார்க்கத்தக்க சாவுகளைக் கழித்து எஞ்சும் ‘மிகை இறப்பு’ என்னும் அளவையே கையாள்கின்றனர். தொடக்கத்தில் அரசு கணித்த இழப்பு ஏறத்தாழ 60 லட்சமாக இருக்க, கிங்ஸ்லி டேவிஸ் 1951இல் அதனை 1.85 கோடி என மதிப்பிட்டார். 2012இல் வெளியான ஆய்வொன்று பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட மாகாணங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 1.39 கோடி என்று அதனைக் குறைத்தது. 1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை 25.13 கோடியாகச் சரிந்திருந்தது. முந்தைய கணக்கைவிடத் தொகை குறைந்துபோன ஒரே பத்தாண்டாக அது இருபதாம் நூற்றாண்டின் இந்தியக் குடிக்கணக்கு வரிசையில் நிற்கிறது.