ஆபத்தில்லாத மண் என்றது வரைபடம்

1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன். மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரியும் சுற்றுக் கிராமங்களும் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தன. கிட்டத்தட்ட 8,000 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. நிலநடுக்க வரைபடத்திலோ அது ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலம்!

நிலநடுக்கம் மட்டும் கொல்லவில்லை தோழர்களே. சேறு வைத்து அடுக்கிய கனத்த கல்சுவர்களும் அவற்றின் மேலிருந்த மண்கூரையும் தூங்கியவர்கள்மீது சரிந்தன. சுவரின் இரு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கற்கள் இடையிடையே இருந்திருந்தால் பலர் பிழைத்திருக்கலாம். ‘ஆபத்தில்லாத’ ஊரில் அதை யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

பிறகு 52 கிராமங்கள் வேறிடத்தில் புதிதாகக் கட்டப்பட்டன. வீட்டின் அளவைத் தீர்மானித்தது குடும்பத்தின் தலைக்கணக்கு அல்ல, நிலக்கணக்கு. நிலமற்றவருக்கு 250 சதுர அடி, பெரும் நிலவுடைமையாளருக்கு 750. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்ட தலித்துகளில் பெரும்பாலோர் எந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். இடிபாட்டிலிருந்து சாதியும் சேர்ந்தே எழுந்தது.

2002இல் முதல் மண்டலம் என்ற வகையே வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டது. நாம் வரைபடத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நம் குடியிருப்பின் சுவர்களையும் கூரைகளையும் வெளியேறும் வழிகளையும் நாமே கணக்கெடுப்போம். அந்தக் கணக்கோடு கிராமசபைக்குப் போவோம். பேரிடருக்கு முன்பே கேட்டால்தான் அது உரிமை; பின்பு கொடுத்தால் அதை நிவாரணம் என்றுதான் சொல்வார்கள்.