இறக்கிய இன்ஜினும் மாற்றிய இன்ஜினும்: தஞ்சை வட்டாரப் பணிமனைகளின் வரலாறு

காவிரிப் படுகையில் ஒரு வண்டியின் இன்ஜின் தேய்ந்துபோனால் அதைப் பிரித்துப் புதுப்பிப்பதா, கழற்றிப் போட்டுவிட்டு வேறு இன்ஜின் வாங்கிப் பொருத்துவதா என்ற கேள்விக்கு, ஏறத்தாழ நூறாண்டுக் காலம், விடை இன்ஜினின் நிலையை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படவில்லை. போர்க்காலப் பற்றாக்குறையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் பேருந்துத் தட உரிமங்களுக்கான அரசாணையும் மேட்டூர் அணை திறக்கும் நாளும் அந்த முடிவில் பங்கேற்றன. பழையதைப் புதுப்பிக்கும் பழக்கத்தைச் சிக்கன குணம் என்று மட்டும் விளக்கிவிடுவோர், அதைக் கட்டாயமாக்கிய இந்தச் சூழலைக் காணத் தவறுகின்றனர்.

மோட்டார் வண்டிகளுக்கு முன்பே இப்பகுதியில் இயந்திரப் பணிமனை வந்துவிட்டது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற நிறுவனம் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1861-62இல் பாதை அமைத்தது. பின்னர் தென்னிந்திய ரயில்வேயாக மாறிய அந்நிறுவனத்தின் பணிமனை நாகப்பட்டினத்தில் இயங்கியது. நீராவி இன்ஜின்கள் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டியிருந்ததால், கொதிகலனைத் தூக்கி அதன் குழாய்களை மாற்றுவதும், சக்கரத்தின் மேல் சூடாக ஏற்றப்படும் ‘டயர்’ எனும் எஃகு வளையத்தைக் கடைந்து சீராக்குவதும், தேய்ந்த புஷ்ஷுகளைப் புதிதாக வார்ப்பதும் அங்கு அன்றாட வேலையாயின. இவ்வாறு பகுதி பகுதியாகப் புதுப்பிக்கப்பட்ட ஓர் இன்ஜின் பல பத்தாண்டுகள் ஓடியது. 1928இல் பணிமனைகள் திருச்சியை அடுத்த பொன்மலையில் ஒருங்கிணைக்கப்பட்டபோது 3,100க்கு மேற்பட்ட தொழிலாளரை நீக்க நிர்வாகம் திட்டமிட்டது; அதை எதிர்த்தே அவ்வாண்டின் புகழ்பெற்ற தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. கடைசல், பொருத்துதல், வார்ப்பு ஆகிய தொழில்களை அறிந்த ஒரு தலைமுறை இப்படி அலைக்கழிக்கப்பட்ட அதே பத்தாண்டுகளில்தான் தஞ்சை மாவட்டச் சாலைகளில் பேருந்துகள் பெருகின என்பது கவனிக்கத்தக்கது.

டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910களின் தொடக்கத்தில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டினார். அதன் பின்னர்க் கும்பகோணத்தை மையமாகக் கொண்டு ராமன் அண்டு ராமன், ஸ்ரீ ராம விலாஸ் போன்ற நிறுவனங்கள் வளர்ந்தன. இவர்கள் வாங்கிய செவர்லே, ஃபோர்டு முதலியவற்றின் அடிச்சட்டங்களும் இன்ஜின்களும் வெளிநாட்டுத் தயாரிப்புகள். அவற்றின்மேல் ஏற்றிய மரக்கூண்டு உள்ளூர்த் தச்சர் கைவேலை. இரண்டாம் உலகப் போர் இந்த ஏற்பாட்டை உலுக்கியது. பெட்ரோல் பங்கீட்டுப் பொருளாகியதால், மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்துப் பெறும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவைக் கொண்டு பேருந்துகள் ஓட்டப்பட்டன. ‘கரி வாயு பஸ்’ எனப்பட்ட இவற்றுக்கான வாயுக் கலத்தைச் சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனமே வடிவமைத்துச் செய்தது. இந்த வாயுவால் இன்ஜினின் இழுவை குறைந்ததோடு, வடிகட்டியைத் தாண்டி வந்த நுண்சாம்பல் சிலிண்டரின் உட்சுவரை அரம்போல் அராவியது. புது வண்டி வாங்க வழியில்லாத அந்த ஆண்டுகளில் இன்ஜினை அடிக்கடி இறக்க வேண்டியிருந்தது. வேறு இன்ஜின் என்ற பேச்சுக்கே இடமில்லை.

‘இன்ஜினை இறக்குதல்’ என்று மெக்கானிக்குகள் குறிப்பிடும் வேலையின் உட்பொருளைச் சற்று அருகில் சென்று காண்பது பயனுடையது. பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் சிலிண்டர் நாளடைவில் சீராகத் தேய்வதில்லை. வெப்பமும் அழுத்தமும் மிகுந்து எண்ணெய்ப் பூச்சு மெலிந்திருக்கும் மேற்பகுதியில் அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேய்வதால், பிஸ்டனின் மேல் ரிங் எட்டாத விளிம்பில் ஒரு படி உருவாகிறது. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் விரல் நகத்தை உட்சுவரில் மேல்நோக்கி இழுத்து, அந்தப் படியில் நகம் எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது அளவுகோல் எடுப்பதற்கு முந்தைய முதல் சோதனை. அதற்கும் முன்னால், இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் வழியே புகை தள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். எரிந்த வாயு பிஸ்டனைக் கடந்து கீழே கசிவதைக் காட்டும் இந்த அறிகுறிக்கு ‘பேக் கம்ப்ரஷன்’ என்று பெயர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து வட்டமாக்கி, பெருத்த துளைக்கேற்பப் பெரிய பிஸ்டன் போடுவதே ‘ரீபோர்’. அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் கிடைத்ததால், ஓர் இன்ஜினுக்கு ஏறத்தாழ நான்கு மறுபிறவிகள் எண்ணப்பட்டன. அதற்குமேல் உலோகம் மெலிந்துவிடும் என்பதால் ‘லைனர்’ எனும் உறையை உள்ளே இறுக்கி மீண்டும் தொடக்க அளவுக்குக் கொண்டுவந்தனர். கிராங்க் ஷாஃப்டுக்கு இதற்கு எதிர்த்திசைக் கணக்கு: ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் தண்டு மெலியும், பேரிங் தடிக்கும். ஆகவே ‘எத்தனை சைஸ் ஆகியிருக்கிறது’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலே பழைய வண்டியின் விலையைப் பாதி தீர்மானித்தது.

விடுதலைக்குப் பின் இந்தத் தேவை குறையவில்லை, கூடியது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமில்லாமல் உதிரிகளை இறக்குமதி செய்து பூட்டுவதோடு நிற்கும் நிறுவனங்களுக்கு இடமில்லை என்று ஒன்றிய அரசு 1953இல் முடிவெடுத்ததும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவிலிருந்து விலகின. அவற்றின் வண்டிகள் தஞ்சைச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்க, அவற்றுக்கான புது இன்ஜின் வரும் வழி அடைபட்டது. 1949இல் சென்னையில் தொடங்கப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற நிறுவனங்கள் பிஸ்டனும் ரிங்கும் உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியிருந்ததால், புதுப்பிப்பது மட்டும் எளிதாயிற்று.

இதற்கு இணையாகச் சட்டத்தின் பக்கத்திலிருந்தும் ஒரு தூண்டுதல் வந்தது. போக்குவரத்து வரலாறு எழுதியோர் இதற்கு உரிய இடம் தரவில்லை. பேருந்துத் தட உரிமத்துக்குப் பலர் போட்டியிடும்போது யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கச் சென்னை மாநில அரசு 1956 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது. இருப்பிடம், அனுபவம் ஆகியவற்றோடு, விண்ணப்பதாரரிடம் பணிமனை வசதி உள்ளதா என்பதற்கும் அதில் தனி மதிப்பெண் உண்டு. ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் ஒரு தடமே கைமாறக்கூடிய நிலையில், லேத்தும் துளை கடையும் எந்திரமும் வைத்திருப்பது பழுதுபார்க்கும் வசதியாக மட்டும் நில்லாமல் தொழில் உரிமைக்கான ஆதாரமாகவும் ஆயிற்று. சாலியமங்கலம் – குடவாசல் தடத்துக்காக ராமன் அண்டு ராமன் நிறுவனம் நடத்திய வழக்கு 1959இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது என்பது இப்போட்டியின் கடுமையைக் காட்டும். மதிப்பெண் முறையை உச்ச நீதிமன்றம் 1964இல் வேறொரு வழக்கில் செல்லாது என்று அறிவித்தபோதிலும், அதற்குள் பணிமனைகள் நிலைபெற்றுவிட்டன. பணிமனை ஒன்று சொந்தமாக இருக்கையில், அதன் ஆட்களுக்கும் எந்திரங்களுக்கும் வேலை கொடுக்கும் முடிவையே முதலாளி எடுப்பார் என்பது இயல்பு.

பழைய இன்ஜினைக் கைவிட்டுப் புதியதை வாங்குவதே சரி என்று தயக்கமின்றிக் கூறத்தக்க கட்டம் ஒன்றும் இடையில் வந்தது. 1950களில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைத் தயாரிக்கத் தொடங்கியபின், பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிவிட்டு அவ்விடத்தில் டீசல் இன்ஜினைப் பொருத்தும் வழக்கம் பரவியது. இங்கே மாற்றத்துக்குக் காரணம் தேய்மானமன்று, எரிபொருள் செலவு. நல்ல நிலையிலிருந்த பெட்ரோல் இன்ஜின்கூட இந்தக் கணக்கில் தோற்றது.

தனியார் பேருந்துகளை அரசுடைமையாக்க 1971இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் தொடர்ந்து, 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் பெயரிலான போக்குவரத்துக் கழகம் தோன்றியது; 1997இல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டமானது. கழக நிர்வாகம் பழைய கேள்வியையே மாற்றி அமைத்தது. இன்ஜின் பழுதான பேருந்தை அது சீராகும்வரை நிறுத்தி வைப்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே புதுப்பித்துத் தயாராக வைக்கப்பட்ட ஒன்றை உடனே ஏற்றி வண்டியை வழித்தடத்துக்கு அனுப்பிவிட்டு, கழற்றியதை மறுசீரமைப்புப் பிரிவுக்கு அனுப்புவது இம்முறை. பேருந்தின் பார்வையில் இது மாற்றம், கழகத்தின் பார்வையில் இது புதுப்பிப்பு. ஒரே வகை லேலண்டு இன்ஜின்கள் பெருந்தொகையில் இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. ஐந்தாறு வண்டி வைத்திருந்த தனி முதலாளிக்கு இந்த வசதி எட்டாதது.

வயலின் கதை வேறு. 1960-61இல் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. அதன் பின் ‘ஃபில்டர் பாயிண்ட்’ எனும் ஆழமில்லாக் குழாய்க் கிணறுகளும், அவற்றில் நீரிறைக்கும் ஒற்றைச் சிலிண்டர் ஆயில் இன்ஜின்களும், சேற்றுழவுக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர்களும் பெருகின. டிராக்டரில் இன்ஜினே வண்டியின் முதுகெலும்பு. அதை முழுதாக மாற்ற வேண்டுமானால் வண்டியை இரண்டாகப் பிரித்து இரு பாதிக்கும் முட்டுக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஹெட்டையும் அடியிலுள்ள ‘சம்ப்’ எனும் ஆயில் தொட்டியையும் கழற்றினால், இன்ஜினை அசைக்காமலேயே பிஸ்டனை மேலே தள்ளி எடுத்துவிடலாம். கொட்டகையிலேயே முடிந்துவிடும் இந்த வேலையை உழவர் விரும்பியதில் வியப்பில்லை. அதற்குரிய பருவத்தையும் ஆறே வகுத்துக் கொடுத்தது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கப்படும். சம்பா அறுவடைக்கும் குறுவை உழவுக்கும் இடைப்பட்ட கோடையில் இன்ஜினை இறக்கினால்தான், புது ரிங்குகள் சிலிண்டரோடு பொருந்தும்வரை குறைந்த சுமையில் ஓட்டிப் பழக்க அவகாசம் கிடைக்கும். ஜூன் மாதத்தில் இன்ஜின் படுத்துவிட்டால் கணக்குப் பார்க்க நேரமில்லை. கிடைத்ததைப் போட்டு உழுதாக வேண்டும்.

அப்படிக் கிடைத்தவை பெரும்பாலும் பழைய இன்ஜின்கள். சென்னைப் புதுப்பேட்டையில், உடைக்கப்பட்ட வண்டிகளின் இன்ஜின்கள் முழுதாகவே விற்கப்பட்டன. இவற்றில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு: இன்ஜின் எண் பிளாக்கில் பொறிக்கப்பட்டு, ஆர்.சி. புத்தகத்திலும் பதியப்படுகிறது. பிஸ்டன், கிராங்க், ஹெட் அனைத்தையும் மாற்றினாலும் பிளாக் அதுவேயானால் சட்டத்தின் கண்ணில் அது அதே இன்ஜின். பிளாக் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவைத் திருத்தியாக வேண்டும். பிளாக் விரிசல் விட்டாலன்றி அதைக் கைவிடாத மெக்கானிக்குகளின் பிடிவாதத்துக்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பிடிவாதம் பெரும்பாலும் சரியானதே.

2020 முதல் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் வந்துள்ள இன்ஜின்களில் எரிபொருள் செலுத்துவது மின்னணுக் கட்டுப்பாட்டில் நடப்பதால், நகத்தால் சிலிண்டரைத் தடவிப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது. கணினி இணைப்பும் தேவைப்படுகிறது. அரசுப் பேருந்துகளைப் பொறுத்தவரை முடிவெடுக்கும் இடமே மாறியுள்ளது. பதிவாகி 15 ஆண்டுகள் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற ஒன்றிய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த விதியில் வண்டியின் வயது மட்டுமே அளவுகோல், இன்ஜினின் நிலை அதில் இடம்பெறவில்லை.