2.2 விநாடியா, 3.2 விநாடியா? சூப்பர்கார் எண்களை எப்படிப் படிப்பது

ஒரு கார், நின்ற இடத்திலிருந்து 100 கிமீ வேகத்தை 2.2 விநாடியில் தொடுகிறது. இன்னொரு காருக்கு 3.2 விநாடி ஆகிறது. இதில் எது வேகமான கார்?

முதல் கார், போர்ஷேயின் எலெக்ட்ரிக் காரான டெய்கான் டர்போ ஜிடி (வைசாக் பேக்கேஜுடன்). இரண்டாவது, அதே போர்ஷேயின் பெட்ரோல் கார், 911 ஜிடி3 ஆர்எஸ். இரண்டும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் ஓடியிருக்கின்றன. 20.832 கிமீ கொண்ட முழுச் சுற்றை டெய்கான் 7 நிமிடம் 7.55 விநாடியில் முடித்தது. ஜிடி3 ஆர்எஸ்ஸுக்கு ஆனது 6 நிமிடம் 49.328 விநாடி.

அதாவது, 100 கிமீ வேகத்தை எட்டுவதில் 1 விநாடி பின்தங்கிய கார், முழுச் சுற்றில் 18 விநாடி முந்திவிட்டது. "எது வேகம்?" என்று கேட்பதற்கு முன்னால் "எங்கே, எதை அளந்தாங்க?" என்று கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

0-100 எண் உண்மையில் எதைச் சொல்கிறது?

டயர் ரோட்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது, மோட்டார் எவ்வளவு சீக்கிரம் இழுவையைக் கொடுக்கிறது என்ற இரண்டையும்தான் அது முக்கியமாகச் சொல்கிறது. எலெக்ட்ரிக் மோட்டார் முதல் நொடியிலேயே முழு இழுவையையும் கொடுத்துவிடும். நான்கு சக்கரங்களும் இழுத்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் டிராக்கில் வளைவு வரும், பிரேக் போட வேண்டும், மறுபடி வேகமெடுக்க வேண்டும். அங்கே எடைதான் எதிரி. டெய்கானின் எடை 2,200 கிலோவுக்கு மேல். ஜிடி3 ஆர்எஸ் 1,450 கிலோ. தவிர, ஜிடி3 ஆர்எஸ்ஸின் இறக்கையும் உடல் வடிவமும் சேர்ந்து 285 கிமீ வேகத்தில் 860 கிலோ அளவுக்குக் காரை ரோட்டோடு அழுத்துகின்றன. வளைவில் கார் வழுக்காமல் இருக்க இதுதான் காரணம். அதே இறக்கை காற்றைத் தடுப்பதால், உச்ச வேகம் 296 கிமீயோடு நின்றுவிடுகிறது. அதைவிடச் சொகுசான 911 டர்போ எஸ் 320 கிமீக்கு மேல் போகும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

0-100 கணக்கில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் கார் நகர்ந்த முதல் 1 அடியைக் கணக்கில் சேர்க்காமல் நேரம் எடுக்கும் வழக்கம் உண்டு. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டின் 1.99 விநாடி அப்படி எடுத்ததுதான். அதுவும் 0-60 மைல், அதாவது 96.5 கிமீ வரைக்கும்தான். அதை ஐரோப்பிய கார்களின் 0-100 எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் கணக்கு தப்பு.

ஃபெராரியா, மெக்லாரனா?

நேரடிப் போட்டியாளர்களுக்கு வருவோம். கம்பெனிகள் சொல்லும் எண்கள் இவை:

ஃபெராரி 296 ஜிடிபி: 830 குதிரைத்திறன் (வி6 எஞ்சினும் எலெக்ட்ரிக் மோட்டாரும் சேர்ந்து), 0-100: 2.9 விநாடி, 0-200: 7.3 விநாடி, டிரை வெயிட்: 1,470 கிலோ.

மெக்லாரன் 750எஸ்: 750 குதிரைத்திறன் (வி8), 0-100: 2.8 விநாடி, 0-200: 7.2 விநாடி, டிரை வெயிட்: 1,277 கிலோ.

80 குதிரைத்திறன் குறைவாக இருந்தும் மெக்லாரன் ஒரு நூல் முன்னால் நிற்கிறது. ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். மெக்லாரனுக்கு 587, ஃபெராரிக்கு 565.

இங்கேதான் கவனம் தேவை. 'டிரை வெயிட்' என்பது பெட்ரோல், ஆயில், கூலன்ட் எதுவும் ஊற்றாத எடை. அப்படி ஒரு காரை யாரும் ஓட்ட முடியாது. இதே 750எஸ்ஸுக்கு, திரவங்களெல்லாம் சேர்த்து மெக்லாரன் சொல்லும் எடை 1,389 கிலோ. அதை வைத்துக் கணக்கிட்டால் 587 என்பது 540 ஆகிவிடும்.

இப்போது ஒருவர் மெக்லாரனின் 540ஐயும் ஃபெராரியின் 565ஐயும் பக்கத்தில் வைத்து வீடியோ போட்டால்? ஃபெராரி ஜெயித்த மாதிரி தெரியும். கார் மாறவில்லை, எஞ்சின் மாறவில்லை, எடை போட்ட முறை மட்டும் மாறியது. வெற்றியாளரும் மாறிவிட்டார்.

அப்படியென்றால் லேப் டைமை நம்பலாமா?

0-100ஐ விட அதிகம் நம்பலாம். வேகமெடுப்பது, பிரேக், வளைவு எல்லாம் அதில் வந்துவிடும். ஆனால் நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, டிராக்கின் நீளம். நூர்பர்க்ரிங்கில் முன்பு 20.6 கிமீயை மட்டும் அளந்தார்கள். இப்போது முழு 20.832 கிமீ. ஜிடி3 ஆர்எஸ்ஸின் அதே ஓட்டத்துக்கு பழைய அளவில் 6:44.848, புது அளவில் 6:49.328. ஒரே கார், ஒரே ஓட்டம், 4 விநாடிக்கு மேல் வித்தியாசம்.

இரண்டாவது, ஓட்டுநரும் நாளும். நம்ம ஊர் உதாரணம் ஒன்று. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேச சர்க்யூட்டில் 2017இல் மெர்சிடீஸ்-ஏஎம்ஜி ஜிடி ஆர் 2 நிமிடம் 9.853 விநாடியில் ஓடியது. ஓட்டியவர் ஜெர்மனியின் கிறிஸ்டியன் ஹோஹெனாடெல். பிறகு கோவையின் நரேன் கார்த்திகேயன் போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ்ஸில் 2 நிமிடம் 0.26 விநாடியில் முடித்தார். 9 விநாடிக்கு மேல் இடைவெளி. 585 குதிரைத்திறனுக்கும் 700 குதிரைத்திறனுக்கும் உள்ள வித்தியாசம் இதில் பெரிய பங்கு. ஆனால் ஓட்டுநர் வேறு, நாள் வேறு. எத்தனை விநாடி காருடையது, எத்தனை விநாடி நரேனுடையது என்று இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

ஓட்டுநர்களை ஒப்பிட வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே காரைக் கொடுப்பார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 3வது இடம் பிடித்த 992 பிரிவு அப்படிப்பட்டது. அதில் ஓடுவது போர்ஷே 911 ஜிடி3 கப் கார்கள் மட்டும்தான்.

பல கம்பெனிகள் மோதும் ஜிடி3 பிரிவில் இன்னும் சுவாரஸ்யம். வேகமான காருக்கு எடையைக் கூட்டுவார்கள், எஞ்சின் சக்தியைக் குறைப்பார்கள். ரோட்டில் 830 குதிரைத்திறன் உள்ள ஃபெராரி 296, பந்தய வடிவத்தில் எலெக்ட்ரிக் மோட்டாரே இல்லாமல் சுமார் 600உடன் ஓடுகிறது. அதே கார் 2023இல் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது.

நம்ம ரோட்டில் இந்த எண்களுக்கு என்ன மதிப்பு?

வீக்எண்டில் சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு டிரைவ் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புத்தூர் பக்கத்தில் கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கும் நாராயணவனம். புரட்டாசியில் இந்தப் பக்கம் ரோட்டோரமாகப் பாதயாத்திரை போகிறவர்கள் வரிசை வரிசையாக நடப்பார்கள்.

இங்கே முக்கியமான எண், நிற்க ஆகும் தூரம். நல்ல டயர், காய்ந்த ரோடு என்றாலும் 100 கிமீ வேகத்தில் பிரேக் போட்டால் நிற்க சுமார் 40 மீட்டர் ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகும். 200 கிமீயில் சுமார் 157 மீட்டர். நீங்கள் பார்த்துச் சுதாரிக்க 1 விநாடி ஆனால், அதற்குள்ளேயே கார் இன்னொரு 56 மீட்டர் போயிருக்கும். 830 குதிரைத்திறன் இந்தக் கணக்கை மாற்றாது.

வெயிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் இருக்கும் காற்று 40 டிகிரிக்குப் போனால் அடர்த்தி சுமார் 5% குறையும். டர்போ இல்லாத ஜிடி3 ஆர்எஸ் போன்ற எஞ்சினுக்கு அது நேரடி இழப்பு. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் மூக்கைத் தூக்க வேண்டும். 750எஸ்ஸில் அதற்கு 4 விநாடி ஆகும். 100 கிமீ வேகத்தை எட்டும் நேரத்தை விட அதிகம்!

வேகத்தைச் சோதிக்க ஆசையா? ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிமீ டிராக் இருக்கிறது. எதிரே பஸ் வராது, ஓரத்தில் யாரும் நடக்க மாட்டார்கள்.

அடுத்த முறை ஒப்பீடு பார்க்கும்போது கேளுங்கள்

1. 0-100ஆ, 0-60 மைலா? முதல் 1 அடியைக் கழித்தார்களா?
2. எடை, பெட்ரோல் ஊற்றியதா, ஊற்றாததா?
3. லேப் டைம் என்றால், டிராக் நீளம் எவ்வளவு, ஓட்டியது யார்?
4. என்ன டயர்? கூடுதல் பேக்கேஜ் சேர்த்ததா?
5. எண் கம்பெனி சொன்னதா, வெளியார் அளந்ததா?

இது கோடிகளில் கார் வாங்குகிறவர்களுக்கு மட்டுமான பட்டியல் இல்லை. மஹிந்திரா பிஇ 6 போன்ற எலெக்ட்ரிக் எஸ்யூவிக்கும் இப்போது 0-100 எண்தான் (6.7 விநாடி) விளம்பரத்தில் முன்னால் நிற்கிறது. இஎம்ஐ போட்டு வாங்கப் போகிறவர் நீங்கள் என்றால், பிரேக் தூரத்தையும் எடையையும் டயரையும் சேர்த்தே ஷோரூமில் கேளுங்கள்.