கடல் கடந்த மருத்துவக் கல்வி

நோய்க்கு நாட்டெல்லை இல்லை. நோய் தீர்க்கும் அறிவிற்கும் இல்லை. ஆயினும் அவ்வறிவு ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டிற்குச் செல்லுங்கால், கொடுப்போரும் கொள்வோரும் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதைப் பொறுத்தே பயன் விளைகின்றது. லோத்குண்டாவிலும் அதனைச் சூழ்ந்த கண்டோன்மென்ட் பகுதிகளிலும் வாழும் தமிழ் மக்களாகிய நாம், நம் அண்மையில் நிகழ்ந்த அவ்வரலாற்றை அறிதல் நன்று.

1846ஆம் ஆண்டில், நான்காம் நிஜாம் நாசிருத்தௌலாவின் ஆட்சியில், ஐதராபாத்தில் மருத்துவப் பள்ளி தோன்றிற்று. அதனை நடத்தியவர் மருத்துவர் வில்லியம் காம்பெல் மக்ளீன். பாடங்கள் உருது மொழியில் கற்பிக்கப்பெற்றன. மேலை மருத்துவம் இவ்வூர் மாணவர்க்கு அவர்தம் மொழியிலேயே வந்தது.

ஏறக்குறைய அக்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் இதற்கு இணையான பணியொன்று தொடங்கியது. 1847இல் இலங்கை வந்த அமெரிக்கர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் பயிற்றினார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களைத் தம் மாணவர் துணையோடு வெளியிட்டார். ஆசிரியர் கொணர்ந்தது அறிவு. மாணவர் அளித்தது மொழி. இரண்டும் கூடியதனாலேயே அந்நூல்கள் பிறந்தன.

மீண்டும் ஐதராபாத்திற்கு வருவோம். 1885இல் இங்கு வந்த எட்வர்டு லாரி, பள்ளியின் தலைமையை ஏற்றார். குளோரோபாரம் கொடுக்கும்போது நோயாளியின் மூச்சைக் கவனித்தாற் போதும், இதயத்திற்கு அதனால் நேரே இடரில்லை என்பது எடின்பரோவில் அவர் கற்ற கொள்கை. அதனைச் சோதிக்க 1888இல் முதற்குழு அமைந்தது. அதன் முடிவை இலண்டன் ‘லான்செட்’ இதழ் ஐயுற்றது. அப்பொழுது ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான் ஆயிரம் பவுன் அளித்து, இலண்டனிலிருந்தே ஓர் அறிஞரை அனுப்புமாறு வேண்டினார். லாடர் பிரண்டன் வந்தார். 1889இல் இரண்டாங்குழு விலங்குகளிடத்து நூற்றுக்கணக்கான சோதனைகளை நடத்தியது. இதயத்திற்கு இடருண்டு என எண்ணி வந்த பிரண்டனும் லாரியின் கருத்திற்கே இணங்கினார்.

ஆயினும் அம்முடிவு நிலைபெறவில்லை. குறைந்த அளவு குளோரோபாரமும் இதயத் துடிப்பைக் குலைத்துத் திடீர் மரணம் விளைக்கக்கூடும் என்பதை 1911இல் குட்மன் லெவி காட்டினார். எனினும் ஐதராபாத்தின் உழைப்பு வீணன்று. மூச்சை இடைவிடாது காத்தல் வேண்டும் என்று அக்குழு வற்புறுத்தியது இன்றும் பொருந்தும். ஐயத்தை மறைக்காது வெளியாரை அழைத்துச் சோதித்த நெறியோ அதனினும் பெரிது.

அப்பள்ளியில் லாரி மகளிரையும் சேர்த்துக்கொண்டார். அவ்வாறு பயின்றவருள் ஒருவர் ரூபாபாய் பர்தூன்ஜி. குளோரோபாரம் கொடுப்பதில் வல்லவராகி, 1909இல் எடின்பரோ சென்று மேலும் கற்று, மீண்டு வந்து ஐதராபாத்து மருத்துவமனைகளிலேயே பணியாற்றினார். உலகின் முதல் மயக்கமருந்துப் பெண் மருத்துவர் எனப் பலரும் அவரைப் போற்றுவர். கற்றது கடல் கடந்து. பயன்பட்டது பிறந்த நாட்டிற்கு.

அந்நெறி இன்றும் அறுந்துவிடவில்லை. அமெரிக்கப் பிலடெல்பியா நகரில் 2000ஆம் ஆண்டில் தோன்றிய பைமர் நிறுவனத்தின் கூட்டுறவால், 2007இல் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் ஒரு வட்டாரப் பயிற்சி நிலையம் அமைந்தது. அங்குப் பயில்வோர் மாணவர் அல்லர். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள். கற்பிக்கும் முறையையும் தலைமைப் பண்பையும் ஈராண்டு பயின்று, தத்தம் கல்லூரியில் ஒரு சீர்திருத்தத்தைச் செய்துகாட்டுதல் அவர்தம் கடமை.

ஒரு மருத்துவரைப் பயிற்றுவித்தால் அவரிடம் வரும் நோயாளர் பிழைப்பர். ஓர் ஆசிரியரைப் பயிற்றுவித்தாலோ அவர்தம் மாணவர் செல்லும் ஊரெல்லாம் பயன்பெறும். பிறநாட்டுத் துணையை நாணாது ஏற்போம். வந்ததை ஆராய்ந்து கொள்வோம். கொண்டதை நம் மக்களுக்கு நம் மொழியில் வழங்குவோம். மானிப்பாயும் ஐதராபாத்தும் நமக்குக் காட்டும் வழி இதுவே.